அமால்ஃபி கடற்கரையில் நல்ல ஹோட்டலில் தங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அம்மாவும் அப்பாவும் வாழ்க்கையில் ஒருமுறையாவது உயர்தர ஹோட்டலில், கடலைப் பார்த்த அறையில் நான்கு நாள் தங்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அதற்காக இத்தாலியின் தெற்கே உள்ள அமால்ஃபி கடற்கரையைத் தேர்ந்தெடுத்தேன். போய் வந்தோம், மனம் நிறைந்துதான் திரும்பினோம். ஆனால் போகும் முன் நான் தூங்காத இரவுகளும், அங்கே போய் அம்மா படியேறிய வேதனையும் தவிர்த்திருக்கக் கூடியவை. வரிசை தெரியாமல் வேலையைச் செய்ததுதான் காரணம். நீங்கள் சரியான வரிசையில் செய்ய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடற்கரையில் ஹோட்டலின் பெயரைக் கடைசியாகத்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த மாதம், எந்த ஊர், எத்தனை படி என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு ஹோட்டல் தேடுங்கள்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

இங்குள்ள பெரிய ஹோட்டல்களில் பெரும்பாலானவை நவம்பர் தொடக்கத்தில் மூடி, மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோதான் திறக்கும். ஊர்களுக்கு இடையே ஓடும் படகுகளும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் ஓடும். டிசம்பரில் விடுமுறை கிடைக்கிறது என்று கிளம்பினால், மூடிய கதவுகளையும் மழையையும் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலும் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். ஆகஸ்ட் 15 இத்தாலி முழுவதற்கும் விடுமுறை, அதை ஒட்டிய வாரத்தைக் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள். மே மாதமும், செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரையும் நல்ல காலம். கடலில் குளிக்க ஆசை என்றால் செப்டம்பர்தான், மே மாதத்தில் தண்ணீர் இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கும்.

2. ஊரைத் தேர்ந்தெடுங்கள், படிகளை எண்ணுங்கள்

நான் தடுமாறியது இங்கேதான். படத்தில் பார்த்த அழகுக்காகப் பொசிதானோவில் அறை போட்டேன். அந்த ஊர் செங்குத்தான மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறி நிற்கிறது. வண்டி போகும் சாலை ஒன்றே ஒன்று, அதுவும் ஒருவழிப்பாதை. மற்றதெல்லாம் படிகள். படகில் போய் இறங்கினால் ஊரின் அடிவாரத்தில் நிற்பீர்கள். எங்கள் ஹோட்டல் நடுமலையில் இருந்தது.

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். படகுத்துறைச் சுவரில் உட்கார்ந்து மேலே பார்த்தவர், "இன்னும் எத்தனை படிப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பெட்டிகளைத் தூக்கிச் செல்லும் சுமைதூக்குபவர்கள் துறையிலேயே நிற்பார்கள், பெட்டிக்கு இத்தனை யூரோ என்று வாங்கிக்கொண்டு, சீட்டு கட்டி, ஹோட்டலிலேயே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பெட்டிகள் அப்படிப் போய்ச் சேர்ந்தன. அம்மாவைத்தான் ஒவ்வொரு வளைவிலும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முக்கால் மணி நேரத்தில் மேலே கூட்டிப்போனேன்.

உங்களோடு வருபவர்களைப் பொறுத்து ஊரை இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

பொசிதானோ, பிரயானோ: காட்சி அபாரம், படிகளும் அபாரம். இளம் தம்பதிகளுக்கு ஏற்றவை. பொசிதானோவில் லெ சிரெனூசே, ஊருக்குச் சற்று வெளியே இல் சான் பியெத்ரோ ஆகிய இரண்டும் மிகப் பேர்பெற்ற ஹோட்டல்கள். சான் பியெத்ரோவில் பாறையைக் குடைந்து கடற்கரைக்கு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். படி ஏறாமல் இருப்பதற்கு இந்தக் கடற்கரையில் எவ்வளவு மதிப்பு என்பது அங்கே போனால்தான் புரியும்.

அமால்ஃபி: படகு, பேருந்து இரண்டுக்கும் மையம். கடற்கரையிலிருந்து உள்ளே போகும் முக்கியத் தெரு ஓரளவு சமதளம். பெரியவர்களோடு போவதற்கு வசதி. ஊருக்கு வெளியே பாறை மேல் இருக்கும் சாந்தா கத்தெரினா ஹோட்டலிலும் கடலுக்கு இறங்க லிஃப்ட் உண்டு.

ராவெல்லோ: கடலிலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலில் கால் நனைக்க முடியாது, ஆனால் அமைதியான இடம், ஊரின் நடுச்சதுக்கத்தில் வண்டிகளே கிடையாது. கருசோ, பலாஸ்ஸோ அவீனோ இரண்டும் இங்குதான். மாலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து பேச விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த ஊரைத்தான்.

மயோரி, மினோரி: ஆடம்பரம் குறைவு, விலையும் குறைவு. மயோரியில் இந்தப் பகுதியிலேயே நீளமான மணற்கரையும் சமதள நடைபாதையும் இருக்கின்றன. குழந்தை வண்டி, கைத்தடி எதுவானாலும் இங்கே சிரமமில்லை.

அறை போடும் முன் ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் மூன்று கேள்விகள் போதும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து வரவேற்பறைக்கு எத்தனை படி? அங்கிருந்து எங்கள் அறைக்கு எத்தனை படி? லிஃப்ட் எங்கள் மாடி வரை வருமா? நல்ல ஹோட்டல் எண்ணிக்கையோடு பதில் போடும்.

3. ரத்து செய்யக்கூடிய அறையாகப் போடுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள்

விசாவுக்கு ஹோட்டல் முன்பதிவு காட்ட வேண்டும். விசா வருவதற்குள் பணம் மாட்டிக்கொள்ளவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் தூக்கமிழந்தேன்.

இங்குள்ள உயர்தர ஹோட்டல்களில் "இலவச ரத்து" என்றால் முதல் நாள் வரை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வாரம், மூன்று வாரம், சில இடங்களில் ஒரு மாதத்துக்கு முன்பே அந்தக் கெடு முடிந்துவிடும். எங்கள் ஹோட்டலில் 21 நாட்கள். எங்கள் பாஸ்போர்ட் விசாவோடு கைக்கு வந்தது பயணத்துக்கு 9 நாட்களுக்கு முன். இடையில் 12 நாட்கள் நான்கு இரவுக் கட்டணம் முழுவதும் அந்தரத்தில் தொங்கியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல்தர ஹோட்டல்களில் ஓர் இரவுக்கு 1,000 யூரோவைச் சாதாரணமாகத் தாண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அறை விவரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. "விஸ்டா மாரே" என்றால் கடல் பார்த்த அறை. அதோடு "லாதெராலே" என்று சேர்ந்திருந்தால் பக்கவாட்டுப் பார்வை, "பார்ட்சியாலே" என்றிருந்தால் ஓரளவு மட்டும் தெரியும். எங்களுக்குக் கிடைத்தது பக்கவாட்டு அறை. பால்கனி ஓரத்தில் நின்று கழுத்தை வளைத்தால்தான் கடல். முன்பதிவில் சிறிய எழுத்தில் இருந்ததை நான் படிக்காமல் விட்டிருந்தேன். அதே அறையின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சின்னக் குழந்தைகளை அனுமதிக்காத ஹோட்டல்களும் இங்கே உண்டு. அதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

செலவைக் குறைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, இரவுகளைப் பிரிப்பதுதான். இரண்டு இரவு பெரிய ஹோட்டலில், மீதியை மினோரியிலோ அமால்ஃபியை ஒட்டிய சிற்றூரான அத்ரானியிலோ எளிய இடத்தில் தங்குங்கள். பெரிய ஹோட்டல் நாட்களில் வெளியே எங்கும் அலையாதீர்கள். நீச்சல்குளம், மொட்டைமாடி, நிதானமான காலை உணவு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தானே பணம் கட்டியிருக்கிறீர்கள்.

4. பெயர் விஷயம்: தமிழர்கள் கவனிக்க

நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப்பெயர் இடத்தில் இருக்கும், சிலருக்கு அந்த இடமே காலியாக இருக்கும். முன்பதிவுத் தளத்திலோ கடைசிப்பெயர் போடாமல் நகர முடியாது. அவசரத்தில் இனிஷியலைத் தட்டிவிடுவோம். அப்புறம் ஹோட்டல் ரசீதில் ஒரு பெயர், விமான டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று மூன்று ஆட்கள் போலாகிவிடும்.

ஹோட்டல், விமானம், இன்சூரன்ஸ் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, விரித்து எழுதுங்கள். பெரும்பாலான முன்பதிவு ரசீதுகளில் பதிவு செய்தவர் பெயர் மட்டுமே வரும். விசாவுக்கு அது போதாது. தங்கும் எல்லோருடைய முழுப்பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போட்டு ஓர் உறுதிக் கடிதம் வேண்டும் என்று ஹோட்டலிடம் கேளுங்கள். எங்களுக்கு இரண்டே நாளில் அனுப்பினார்கள்.

5. விசா: ஆவணங்கள், கட்டணம், காலம்

இத்தாலிக்கு ஷெங்கன் விசா வேண்டும், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா. பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால், அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாட்கள், தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை நீளலாம். விசா விண்ணப்பங்களை வாங்கும் சென்னை விஎஃப்எஸ் மையத்தில் நேரம் கிடைப்பதே பெரிய வேலை. மே, ஜூன் பயணம் என்றால் அந்த அப்பாயின்ட்மென்ட்டைப் பொங்கல் முடிந்த கையோடு தேடத் தொடங்குங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்ப வராது.

எடுத்துப்போக வேண்டியவை:

- பாஸ்போர்ட். கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக, ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் தேதிக்குப் பிறகு 3 மாதம் செல்லுபடியாவதாக, குறைந்தது 2 காலிப் பக்கங்களோடு. பழைய பாஸ்போர்ட்டுகளும் கையில் இருக்கட்டும்.
- புகைப்படம், 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில், வெள்ளைப் பின்னணியில்.
- பயண இன்சூரன்ஸ், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்போடு, பயண நாட்கள் முழுவதற்கும்.
- பேங்க் ஸ்டேட்மென்ட், வங்கி முத்திரையோடு. வருமான வரிக் கணக்கு (ஐடிஆர்) நகல்கள். வேலையில் இருப்பவர்களுக்குச் சம்பளச் சீட்டும் அலுவலகத்தின் விடுப்புக் கடிதமும்.
- விமான முன்பதிவு, ஒவ்வோர் இரவுக்கும் ஹோட்டல் உறுதி, நாள்வாரியாகப் பயணத் திட்டம், நீங்களே எழுதிய விளக்கக் கடிதம்.
- பெற்றோர் செலவை நீங்கள் ஏற்பதாக இருந்தால் அதற்கான கடிதமும் உறவைக் காட்டும் சான்றும். என் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் இருந்ததால் அந்தப் பக்கத்தின் நகலையும் சேர்த்துக் கொடுத்தேன்.

விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்பு கணக்கில் மொத்தமாகப் பணம் போடாதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். அப்பாவின் ஓய்வூதியக் கணக்கில் சின்னத் தொகைதான் இருந்தது, ஆனால் மாதம் தவறாமல் வந்தது தெரிந்தது. அதை அப்படியே காட்டினோம், போதுமாக இருந்தது.

அப்புறம் நம் ஊர் ஏஜென்சியிடம் முழு டூர் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே பிடிக்கும் வரியாக ஒரு தொகை சேர்த்து வாங்குவார்கள். அதற்கான சான்றிதழை வாங்கி வைத்து, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். பலர் இதை மறந்தே போகிறார்கள்.

6. போய்ச் சேரும் வழி

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஓர் ஊரில் மாறி நேப்பிள்ஸில் இறங்குவது நல்லது. ரோமில் இறங்கினால் ரயிலில் நேப்பிள்ஸுக்கோ சலெர்னோவுக்கோ வரலாம். சலெர்னோ அருகே ஒரு சிறிய விமான நிலையத்தில் 2024 ஜூலையிலிருந்து பயணிகள் விமானங்கள் வருகின்றன. ஐரோப்பாவுக்குள் இருந்து வருபவர்கள் அதையும் பார்க்கலாம்.

நேப்பிள்ஸிலிருந்து எல்லோரும் சொல்வது சொரெண்டோ வழி. ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அங்கிருந்து பேருந்து. டிக்கெட் மலிவுதான், ஆனால் கூட்டம் நெரியும், பெட்டி வைக்க இடமிருக்காது, பிக்பாக்கெட் பயமும் உண்டு. பெட்டிகளோடு போகும் குடும்பத்துக்கு நான் சலெர்னோ வழியைத்தான் சொல்வேன். நேப்பிள்ஸ் மத்திய நிலையத்திலிருந்து வேக ரயிலில் சுமார் 40 நிமிடம். சலெர்னோ நிலையத்திலிருந்து படகுத்துறை நடக்கும் தூரம். அங்கிருந்து அமால்ஃபிக்கு 35 நிமிடம், பொசிதானோவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆளுக்குக் கட்டணம் தூரத்தைப் பொறுத்து மாறும், பெட்டிக்குத் தனிக்காசு.

ஒரு எச்சரிக்கை. சலெர்னோவில் படகுத்துறை இரண்டு இருக்கிறது. பியாஸ்ஸா தெல்லா கொன்கோர்தியா ரயில் நிலையத்துக்குப் பக்கம். மோலோ மான்ஃப்ரெதி ஊரின் மறுமுனையில் இருக்கிறது. டிக்கெட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.

கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும், பேருந்துதான் மாற்று. பேருந்துச் சீட்டை ஏறும் முன்பே 'தபாக்கி' என்ற சிறு கடைகளில் வாங்கி, உள்ளே இயந்திரத்தில் முத்திரை போட வேண்டும். சீட்டு கையில் இருந்தும் முத்திரை இல்லை என்றால் அபராதம். சொரெண்டோவிலிருந்து வரும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் கடல், சலெர்னோவிலிருந்து வரும்போது இடப்பக்கம்.

முழங்கால் வலிக்காரர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பணத்தைப் பார்க்காமல் ஹோட்டல் வாசல் வரை தனி வண்டி வைத்துக்கொள்ளுங்கள். நேப்பிள்ஸ் விமான நிலையத்திலிருந்து பொசிதானோவுக்கு 150 யூரோவை ஒட்டி வரும். மறுமுறை போனால் நான் மிச்சம் பிடிக்கவே மாட்டேன் என்று முடிவு செய்திருக்கும் செலவு இதுதான்.

கார் வாடகைக்கு எடுத்து ஓட்டுவது வேண்டாம். மலையோரத்து ஒடுக்கமான சாலை, எதிரே பேருந்து வந்தால் பின்னால் எடுக்க வேண்டும். கோடையில் நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, பகலில் சில தேதிகளில் ஓட்டவே விடமாட்டார்கள். நிறுத்துமிடத்துக்கு மணிக்கணக்கில் பணம் வேறு.

7. ஹோட்டலில் நுழையும்போது

எல்லோருடைய அசல் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள், குழந்தைகளுடையது உட்பட. தங்குபவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம். பதற்றப்பட எதுவுமில்லை.

அறை வாடகையில் சேராத ஊர் வரி ஒன்று உண்டு, பெயர் 'இம்போஸ்தா தி சொஜ்ஜோர்னோ'. ஆளுக்கு, இரவுக்கு இத்தனை யூரோ என்று கணக்கு. ஊருக்கு ஊர் மாறும், நட்சத்திரம் ஏற ஏற ஏறும். கிளம்பும்போது தனியாகக் கேட்பார்கள். கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள்.

கிரெடிட் கார்டில் ஒரு தொகையை முன்பிடித்தமாக நிறுத்தி வைப்பார்கள். முன்பே வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கும் ஃபோரக்ஸ் கார்டில் அப்படிப் பிடித்தால் விடுவிக்க நாளாகும், அதற்குள் கைச்செலவுக்கு இருக்காது. பிடித்தத்துக்குக் கிரெடிட் கார்டு, செலவுக்கு ஃபோரக்ஸ் கார்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வெளிநாட்டுப் பயன்பாட்டை வீட்டிலேயே வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள்.

8. சாப்பாடு, குறிப்பாகச் சைவர்களுக்கு

மதியம் மூன்று மணிக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும், இரவு ஏழு, ஏழரைக்குத்தான் திரும்பத் திறப்பார்கள். மாத்திரை போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் இருந்தால் நடுவில் சாப்பிட ஏதாவது கையில் வைத்திருங்கள். ரசீதில் 'கொபெர்தோ' என்று ஆளுக்கு ஒரு சிறு தொகை இருக்கும். அது இருக்கைக்கும் ரொட்டிக்குமானது, ஏமாற்று இல்லை.

அம்மா சுத்த சைவம். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது, ஏனென்றால் இந்தப் பக்கம் நெத்திலி எதிலும் கரைந்திருக்கும். "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா உவோவா" என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன், முட்டை வேண்டாம் என்று பொருள். சூப், ரிசோட்டோ என்ற அரிசி உணவு கேட்டால் 'ப்ரோதோ', அதாவது வேகவைத்த சாறு, எதில் செய்தது என்றும் கேளுங்கள். பார்மெசான் பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்று நொதி சேரும், அது வேண்டாதவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்குப் பிடித்தது தக்காளியும் துளசி வகை இலையும் போட்ட எளிய பாஸ்தாதான். நான்கு நாளும் அலுக்காமல் சாப்பிட்டார்.

மீன் சாப்பிடுகிறவர்கள் செத்தாரா என்ற மீனவ ஊருக்கு அவசியம் போங்கள். நெத்திலியை உப்போடு மரப்பீப்பாயில் அடுக்கி, கல் பாரம் வைத்து, மாதக்கணக்கில் ஊறவிட்டு வடிக்கும் 'கொலத்தூரா' என்ற சாறு அந்த ஊரின் சொத்து. கருவாட்டு மணம் பழகிய நம் மூக்குக்கு அது அந்நியமாகவே இருக்காது. பாஸ்தாவில் ஒரே ஒரு கரண்டி போதும். அப்பா அந்த மேசையை விட்டு எழுந்திருக்கவே விரும்பவில்லை.

9. ஊர் அனுபவங்கள்: எதை முன்பதிவு செய்வது, எதைச் சும்மா போய்ப் பார்ப்பது

எலுமிச்சைத் தோட்டம்: அமால்ஃபியில் தோட்டக்காரர்களே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள், முன்பதிவு வேண்டும். கற்சுவர் கட்டிய அடுக்குகளில், கஷ்கொட்டை மரக் கழிகளைப் பந்தலாகக் கட்டி வளர்க்கிறார்கள். இங்குள்ள பழம் நம் எலுமிச்சை போல உருண்டை இல்லை, நூல் நூற்கும் கதிர் போல இரு முனையும் நீண்டது, 'ஸ்ஃபுசாத்தோ' என்று பெயர். எங்களைக் கூட்டிப்போனவர் ஒரு பழத்தைப் பறித்து, தோலோடு தடித்த வட்டங்களாக நறுக்கி, உப்புத் தூவிக் கொடுத்தார். உள்ளே வெள்ளைச் சதை விரல் தடிமன். கசக்கும் என்று நினைத்துத்தான் கடித்தோம், கசப்பே இல்லை. "நார்த்தங்காய் மாதிரி இருக்கு, ஊறுகாய் போட்டா ஒரு வருஷம் வரும்" என்றார் அம்மா. படிகள் உண்டு, கேட்டுவிட்டுப் போங்கள். மயோரிக்கும் மினோரிக்கும் இடையே எலுமிச்சைத் தோட்டங்கள் வழியே ஒரு பழைய நடைபாதை இருக்கிறது, அதற்குப் பணம் கிடையாது.

தெய்வங்களின் பாதை: மலை உச்சியோரமாக பொமெரானோவிலிருந்து நொச்செல்லே வரை போகும் நடைபாதை, சுமார் மூன்று மணி நேரம், கட்டணம் இல்லை. அமால்ஃபியிலிருந்து பேருந்தில் பொமெரானோ போய்த் தொடங்குங்கள், அந்தத் திசையில் இறக்கம்தான் அதிகம். நிழல் இருக்காது, காலை எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டும். நொச்செல்லேயில் முடித்ததும் பொசிதானோவுக்குப் பேருந்தில் இறங்குங்கள். படியில் இறங்கினால் ஏறக்குறைய 1,700 படிகள். நான் இறங்கினேன், மறுநாள் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன.

ராவெல்லோவின் வில்லா ரூஃபோலோ, வில்லா சிம்ப்ரோனே தோட்டங்கள்: டிக்கெட் வாங்கி யாரும் போகலாம். சிம்ப்ரோனேயின் ஒரு பகுதி ஹோட்டல், ஆனாலும் தோட்டம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பளிங்குச் சிலைகள் வரிசையாக நிற்கும் அந்த மாடத்தில் அப்பாவும் அம்மாவும் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பயணத்தில் எனக்கு மிஞ்சிய நல்ல படம் அதுதான்.

கடற்கரை: பெரும்பாலும் கூழாங்கல், ரப்பர் செருப்பு எடுத்துப்போங்கள். நாற்காலியும் குடையும் உள்ள பகுதி தனியார் வாடகைக்கு. பொசிதானோவில் ஆளுக்கு 30 யூரோவையும் தாண்டும். பக்கத்திலேயே 'ஸ்பியாஜ்ஜா லிபெரா' என்று இலவசப் பகுதி இருக்கும்.

10. திரும்பும் நாள்

கடைசி இரவை கடற்கரை ஊரில் வைக்காதீர்கள். படகு ரத்தானாலும், 'ஷோப்பெரோ' என்ற வேலைநிறுத்தம் வந்தாலும் விமானம் தவறிவிடும். நேப்பிள்ஸிலோ சலெர்னோவிலோ ஒரு சாதாரண அறை எடுத்துத் தூங்குங்கள்.

இந்தக் கடற்கரையில் பீங்கானுக்குப் பேர்போன வியெத்ரி ஊரில் பீங்கான் வாங்கியிருந்தால் வரி திரும்பக் கிடைக்கும். ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும், பாஸ்போர்ட்டைக் காட்டி அதற்கான படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்க வேண்டும். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் கடைசி விமான நிலையத்தில், பெட்டியை விமானத்தில் போடுவதற்கு முன் சுங்கத்தில் பொருளைக் காட்டினால்தான் செல்லும். நாங்கள் தட்டுகளை அம்மாவின் புடவைகளுக்கு நடுவே சுற்றி, பெட்டியின் மேலாக வைத்திருந்ததால் திறந்து காட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கொலத்தூரா பாட்டில் மட்டும் கைப்பையில் வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் இறுகக் கட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள்.